குட்டைக் குழாயா, நெட்டைக் குழாயா? வி8 எஞ்சின் மூச்சு விடும் கணக்கு

"குட்டை ஹெடர் கீழ்வேக இழுவைக்கு, நெட்டை ஹெடர் மேல்வேகப் பாய்ச்சலுக்கு." மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வேகக் கார், அதன் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுவார். ஹெடர் என்பது எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. குட்டை என்றால் சாது, நெட்டை என்றால் முரடு என்று மனமும் உடனே தலையாட்டிவிடும். இயற்பியல் தலையாட்டாது. நீளமான புல்லாங்குழல் தாழ்ந்த சுருதியில் பேசும், குட்டையானது மேல் ஸ்தாயியில் கீச்சிடும். ஹெடரும் அதே கணக்குதான். குழாய் நீள நீள, அது கைகொடுக்கும் எஞ்சின் வேகம் குறையும்.

அமெரிக்க மசில் கார் யுகத்தைத் தொடங்கிவைத்ததாகப் பலரும் சொல்லும் 1964 பான்டியாக் ஜிடிஓவில் 389 கன அங்குல வி8 (பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் எஞ்சின்) இருந்தது. நம் அளவில் 6.4 லிட்டர். அந்தக் காலத்து கார்களில் பெரும்பாலும் எஞ்சினின் இரு பக்கமும் புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுதான். மலிவு, சத்தம் குறைவு, பல ஆண்டு உழைக்கும். ஆனால் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரின் புகையும் ஒரே குறுகலான அறைக்குள் முட்டிமோதி வெளியேற வேண்டும். ஹெடர் இதைப் பிரித்துவிடுகிறது. சிலிண்டருக்கு ஒரு எஃகுக் குழாய், நாலும் போய்ச் சேரும் இடத்தில் கலெக்டர் என்ற அகன்ற வாய். அந்தத் தனிக்குழாய்கள் ஓர் அடி, ஒன்றரை அடியில் முடிந்தால் குட்டை. எஞ்சினைத் தாண்டி காரின் தரைக்கு அடியில் இறங்கி, இரண்டரை மூன்று அடி ஓடினால் நெட்டை.

இந்த நீளம் ஏன் முக்கியம்? குழாய்க்குள் இரண்டு பயணிகள் இருக்கிறார்கள். ஒன்று புகை, சராசரியாக நொடிக்கு 100 மீட்டர் அளவில் ஓடும். இன்னொன்று, எக்ஸாஸ்ட் வால்வு திறந்த கணத்தில் உள்ளே அடைந்து கிடந்த அழுத்தம் கிளப்பிவிடும் அலை. அது ஒலியின் வேகத்தில் போகும். 600 டிகிரி சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 550 மீட்டரைத் தாண்டிவிடும். புகையை விட அலை அத்தனை மடங்கு வேகம். ஹெடரின் வித்தையெல்லாம் இந்த அலையிடம்தான்.

சிக்னலில் நிற்கும் வண்டி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை விழுகிறது. முதல் வண்டி நகர்கிறது, அதன் பின்னால் ஓர் இடைவெளி பிறக்கிறது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. வண்டிகள் முன்னால் போகின்றன, ஆனால் அந்த 'இடைவெளி' வரிசையின் வால்வரை பின்னோக்கி ஓடுகிறது. குழாயில் நடப்பதும் இதுதான். அழுத்த அலை கலெக்டரின் அகலத்தில் போய் விரிந்ததும், ஒரு வெற்றிட அலை புறப்பட்டு வால்வை நோக்கித் திரும்புகிறது. அது வந்து சேரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு மூடிக்கொண்டும் இன்டேக் வால்வு திறந்துகொண்டும் இருந்தால், அதாவது இரண்டும் சற்றே திறந்திருக்கும் அந்த 'ஓவர்லேப்' நொடித்துளியில், அலை மிச்சப் புகையை உறிஞ்சி எடுப்பதோடு புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடுகிறது. பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் முன்பே சிலிண்டர் நிரம்ப ஆரம்பித்துவிடும். ஓசிச் சாப்பாடு.

நேரம் தவறினால் பந்தி கிடையாது. 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, ஒரு மில்லிநொடிக்கு 36 டிகிரி சுற்றும். 85 சென்டிமீட்டர் குழாயில் அலை போய்வர 3 மில்லிநொடி. கிராங்க் கணக்கில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 35 சென்டிமீட்டர் குட்டைக் குழாயில் அதே பயணம் 1.2 மில்லிநொடியில், 44 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. அப்போது பிஸ்டன் புகையை வெளியே தள்ளும் வேலையில்தான் இருக்கும், ஓவர்லேப் இன்னும் வந்திருக்காது. ஆள் இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வந்து திரும்பிய கதை.

குட்டை ஹெடரின் அலை சரியான நேரத்துக்கு வர வேண்டுமானால் கிராங்க் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். குழாய் பாதிக்கும் குறைவு என்றால் வேகம் இரு மடங்குக்கும் மேல். நெட்டைக் குழாய் 5,500இல் கைகொடுக்கிறது என்றால் குட்டை 11,000க்கு அப்பால்தான் கைகொடுக்கும். புஷ்ராடு (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் நீளக் கம்பி) வைத்த தெரு வி8 அங்கே போவதே இல்லை. ஆகவே குட்டை ஹெடரை நெட்டையின் சின்னத் தம்பி என்று நினைப்பது தப்பு. அது ஒழுங்காக வளைத்த மேனிஃபோல்டு, அவ்வளவே. தடை குறைவதால் கொஞ்சம் லாபம் உண்டு, அலையின் லாபம் இல்லை. 1985இல் ஃபோர்டு தன் 5.0 மஸ்டாங்கிலேயே குழாய் வடிவக் குட்டை ஹெடரைப் பொருத்தித் தந்தது. அந்த வண்டிக்கு வேறொரு குட்டை ஹெடர் வாங்கி மாட்டினால் பெரிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

அமெரிக்க வி8க்கு இன்னொரு குணம் உண்டு. செவர்லே ஸ்மால் பிளாக் என்ற வி8இன் எரிவரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. இடது பக்கத்தில் இருப்பவை ஒற்றைப்படை சிலிண்டர்கள். அவற்றுக்கு இடைவெளி 270, 180, 90, 180 டிகிரி. அந்த '90'ஐப் பாருங்கள்: ஐந்தாவது எரிந்த சூட்டோடு பக்கத்து ஏழாவதும் எரிகிறது. ஐந்தாவது பாதிப் புகையை விட்டுக்கொண்டிருக்கும்போதே ஏழாவதின் அழுத்தம் மேனிஃபோல்டுக்குள் பாய்ந்து முகத்தில் அறைகிறது. நெட்டைக் குழாய் இந்த அண்டைவீட்டுத் தகராறைத் தள்ளிப்போடுகிறது. 1965 ஷெல்பி ஜிடி350இல் வந்த 'ட்ரை-ஒய்' ஹெடர் இன்னும் சாமர்த்தியம்: ஒத்துப்போகும் சிலிண்டர்களை முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு ஒன்றாக்கும். ஐடிலில் கேட்கும் அந்த 'லப்-லப்' உறுமலுக்கும் இந்த ஒழுங்கற்ற இடைவெளிதான் பாதிக் காரணம்.

நீளத்தைப் பிடித்துக்கொண்டு விட்டத்தைக் கோட்டை விடுபவர்கள் நிறைய. சாதுவான 350 கன அங்குல எஞ்சினுக்கு 1⅝ அங்குலக் குழாய் போதும், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கொஞ்சம் கடுமையானால் 1¾. பெரிசு நல்லது என்று 2 அங்குலம் போட்டால் புகையின் ஓட்டம் தளர்ந்து கீழ்வேகம் சப்பென்று ஆகிவிடும். 'எஞ்சினுக்குப் பின்னழுத்தம் வேண்டும்' என்ற பழங்கதை பிறந்தது இங்கேதான். வேண்டியது அழுத்தம் இல்லை, வேகம். கேமும் ஒத்துழைக்க வேண்டும். ஓவர்லேப்பே இல்லாத சாதுக் கேமில் நெட்டை ஹெடரின் அலை கதவைத் தட்டிவிட்டு நிற்கும்.

அப்படியானால் எல்லோரும் நெட்டையே வாங்கலாமே? காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர், கிளட்ச் இணைப்பு எல்லாவற்றுக்கும் நடுவே குழாய் வளைந்து இறங்க வேண்டும். பழைய கிரைஸ்லர் கார்களில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியும் சேர்ந்துகொள்ளும். ஏழாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் மாட்ட வேண்டும். கலெக்டர் காரின் மிகத் தாழ்ந்த இடமாகி, ஒவ்வொரு வேகத்தடையிலும் உரசும்.

சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 1975 மாடலிலிருந்து பெரும்பாலான கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்துவிட்டது. நெட்டைக் குழாய் அதைப் பின்னால் தள்ளும்; சூடேற நேரமாகும், அதுவரை வேலை செய்யாது. கழற்றி எறிவது கூட்டரசு சட்டப்படியே குற்றம். கலிஃபோர்னியாவில் ஹெடருக்கே அரசு ஒப்புதல் எண் வேண்டும். அது குட்டைகளுக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு அங்கே புகைப் பரிசோதனை கிடையாது.

என்னைக் கேட்டால், தினம் ஓட்டும் புதிய காருக்கு இருக்கும் மேனிஃபோல்டே போதும், அது விரிசல் விட்டால் குட்டை. கன்வெர்ட்டர் இல்லாத அறுபதுகளின் கார், கடுமையான கேம், ஞாயிறு ஓட்டம், கால் மைல் பந்தயம் என்றால் நெட்டையைத் தவிர வேறு யோசனை வேண்டாம்.

எதைப் போட்டாலும் முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, எஞ்சின் ஆறியதும், ஹெடரை எஞ்சினோடு பிணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். சூட்டில் விரிந்து சுருங்கி அவை தளரும். கேஸ்கெட்டில் மயிரிழை ஓட்டை இருந்தால் டிக்-டிக் என்று சத்தம் வரும், அது மட்டும் இல்லை. புகையை உறிஞ்சும் அதே வெற்றிட அலை அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துக் கலவையில் பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அதுவும் நம்பிக்கொண்டு பெட்ரோலை மேலும் மேலும் ஊற்றும்.