மஃப்ளர் பின்னப் பழகுகிறீர்களா? கட்டைவிரல் வலியைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

கை வலி என்று என்னிடம் வருகிறவர்களில் கொஞ்ச காலமாக ஒரு புதுக் கூட்டம் சேர்ந்திருக்கிறது, உல்லன் நூலும் ஊசியுமாகப் பின்னக் கற்றுக்கொள்கிறவர்கள். மதுரை வெயிலில் மஃப்ளரா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மகள் கனடாவில் இருக்கிறாள், பேரனுக்கு என் கையால் ஒன்று அனுப்ப வேண்டும் என்கிற ஓய்வுபெற்ற டீச்சர், டிசம்பரில் கொடைக்கானல் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்த கல்லூரிப் பெண், வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து பொழுது போகாமல் ஊசியை எடுத்தவர் என்று எல்லா வயதிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் யூடியூப் பார்த்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். வலி ஆரம்பித்து வாரக்கணக்கில் ஆன பிறகு வந்து, "பழகப் பழக சரியாயிடும்னு நினைச்சேன்" என்கிறார்கள்.

பழகுவது வேறு, வலியோடு பின்னுவது வேறு. முதல் ஓரிரு நாள் விரல்கள் லேசாகக் களைத்துப்போவது இயல்பு, தூங்கி எழுந்தால் போய்விடும். மறுநாள் காலையிலும் கட்டைவிரல் அடியில் வலி நிற்கிறது என்றால் நீங்கள் பின்னுகிற முறையிலோ, ஊசியிலோ, நூலிலோ ஏதோ ஒன்று உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை. பிசியோதெரபிஸ்ட்டாக நான் பார்த்தவரை, வயதைவிட இந்த மூன்றுதான் பெரிய காரணம். மூன்றையுமே மாற்ற முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சாதாரண மஃப்ளரில் கைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கண்ணி, அதாவது ஊசியில் வரிசையாக நிற்கிற 30 நூல் வளையம் அகலம், ஐந்தடி நீளம், அதாவது 60 அங்குலம். ஒரு அங்குலத்துக்கு எட்டு வரிசை என்று வைத்தால் 480 வரிசை, மொத்தம் 14,400 கண்ணி. ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியை நுழைக்க வேண்டும், நூலைச் சுற்ற வேண்டும், இழுக்க வேண்டும், பழைய கண்ணியைக் கழற்றிவிட வேண்டும். இத்தனை ஆயிரம் தடவை செய்கிற ஒரு அசைவில் தேவைக்கு மேல் துளி அழுத்தம் சேர்ந்தால்கூட அது எங்கே போய்ச் சேரும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலும் மணிக்கட்டும்தான் அதை வாங்கிக்கொள்கின்றன.

புதிதாகப் பின்னுகிற எல்லோரும் ஊசியை இறுக்கிப் பிடிக்கிறார்கள், கண்ணி நழுவிவிடுமோ என்ற பயம்தான் காரணம். பிடி இறுகினால் நூல் இறுகும், நூல் இறுகினால் கண்ணி சின்னதாகும், சின்னக் கண்ணிக்குள் ஊசி நுழையாது, நுழைக்க இன்னும் அழுத்தம் கொடுப்பார்கள். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்களின் மஃப்ளரைக் கையில் வாங்கினாலே தெரிந்துவிடும், அட்டை மாதிரி விறைத்து நிற்கும். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பின்னிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, கண்ணிகளை ஊசியில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் நகர வேண்டும். நகர மறுத்தால் உங்கள் கை தேவைக்கு மேல் உழைக்கிறது. முதல் வரிசையில் கண்ணி ஏற்றும்போதே இறுகிப்போகிறவர்கள், இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஏற்றிவிட்டு, பிறகு ஒன்றை உருவிவிடலாம். அந்த வரிசை தளர்ந்து நிற்கும், அடுத்த வரிசை சுலபமாக வரும்.

அடுத்தது ஊசி. இதில் பலர் ஏமாந்துபோவதைப் பார்க்கிறேன், அவர்கள் மேல் தவறே இல்லை. அமெரிக்க வீடியோவில் எட்டாம் நம்பர் ஊசி எடுங்கள் என்கிறார்கள், அது 5 மில்லிமீட்டர் ஊசி. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்தான் புழக்கத்தில் இருக்கிறது, அதில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அதோடு பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும், 10 என்பது 3.25 மில்லிமீட்டர்தான். ஆக, தடித்த நூலையும் மெல்லிய ஊசியையும் வாங்கி வந்து, வீடியோவில் அந்தப் பெண் இவ்வளவு லேசாகப் பின்னுகிறாரே நமக்கு ஏன் இப்படி முரண்டுபிடிக்கிறது என்று மல்லுக்கட்டுகிறார்கள். கடையில் நம்பர் கேட்காதீர்கள், மில்லிமீட்டர் கேளுங்கள். நடுத்தரப் பருமனுள்ள நூலுக்கு 5 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் எண்ணில் 6, ஆரம்பத்துக்கு நன்றாக இருக்கும். கை இறுக்கமாகவே வருகிறது என்றால் அரை மில்லிமீட்டர் பெரிதாக எடுங்கள்.

அலுமினிய ஊசி வழுக்கும், வேகமாகப் பின்னுகிறவர்களுக்கு அது வசதி. புதியவருக்கு அந்த வழுக்கலே பயத்தைக் கொடுத்துப் பிடியை இறுக்கும். மூங்கில் ஊசி நூலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்பதால் விரல்கள் தானாகத் தளரும். இன்னொன்று, நீளமான இரண்டு ஊசிகளில் பின்னும்போது மஃப்ளர் வளர வளர அதன் எடை முழுவதும் ஊசி நுனியில் தொங்கி மணிக்கட்டை இழுக்கும். நடுவில் ஒயர் வைத்து இணைத்த வட்ட ஊசி வாங்கினால், பின்னியது மடியில் கிடக்கும், கையில் எடை இருக்காது. வட்ட ஊசியில் வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்றில்லை, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்துப் பின்னினால் தட்டையான மஃப்ளர்தான் வரும். ஏற்கெனவே கை வலி உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நூல் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் இயல்பாகப் பருத்தி பக்கம் போவார்கள், வெயிலுக்கு அதுதானே நல்லது என்று. உடுத்துவதற்குச் சரி, ஆனால் பின்னப் பழகுகிற கைக்குப் பருத்தி கடினம். அதற்கு இழுவை கிடையாது, ஒவ்வொரு கண்ணியிலும் கைதான் விட்டுக்கொடுக்க வேண்டும். கம்பளி நூல் லேசாக நீண்டு கொடுக்கும். கம்பளி விலை அதிகம் என்றால் அக்ரிலிக் கலந்தது போதும், முதல் மஃப்ளருக்கு 200 கிராம் இருந்தால் தாராளம். முறுக்கு பிரியாத, மொழுமொழுவென்ற, வெளிர் நிற நூலாக எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, தெரியாதபோது குனிவீர்கள், குனிந்தால் கழுத்து பிடிக்கும். கழுத்தும் தோளும் இறுகியிருக்கும்போது கை மட்டும் தளர்ந்திருப்பது நடக்காத காரியம்.

பின்னலில் ஆரம்பத்தில் புதுமை எதுவும் வேண்டாம். எல்லா வரிசையையும் நிட் எனப்படுகிற ஒரே அடிப்படைக் கண்ணியில் பின்னுங்கள், கார்ட்டர் என்பார்கள். இருபுறமும் ஒரே மாதிரி வரிவரியாக இருக்கும், ஓரம் சுருளாது. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை அதற்கு எதிர்ப்பக்கமாகப் பின்னுகிற பர்ல் என்று மாற்றினால் வழவழவென்று அழகாகத்தான் வரும், ஆனால் மஃப்ளர் ஓரம் குழாயாகச் சுருண்டுகொள்ளும். அப்புறம் வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணுங்கள். 30-இல் ஆரம்பித்து 37-இல் வந்து நிற்பது சர்வ சாதாரணம். வரிசையின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலே ஏறிக் கிடந்தால் முதல் கண்ணி இரண்டு போலத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம், மஃப்ளர் அகன்றுகொண்டே போகும். நூலைக் கீழே, ஊசிக்கு முன்பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பினால் இந்தச் சிக்கல் இல்லை. இதை ஏன் சிகிச்சை செய்கிறவள் சொல்கிறேன் என்றால், தப்பு வந்தவுடன் பிரித்துப் பிரித்துத் திரும்பப் பின்னுவதிலும், விட்டதைப் பிடிக்க நள்ளிரவு வரை உட்காருவதிலும்தான் பல கைகள் கெட்டுப்போகின்றன.

நேரம் முக்கியம். இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் வரிசையை முடித்து ஊசியைக் கீழே வைத்து, விரல்களை நன்றாக விரித்து மூடுங்கள், தோளைச் சுழற்றுங்கள், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உட்காருகிற இடத்தில் முதுகுக்குச் சாய்மானமும் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையும் இருக்கட்டும். மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேராக நிற்க வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் உள்ளங்கை வியர்த்தால் அக்ரிலிக் நூல் கையில் ஒட்டும், அப்போது பிடி தானாக இறுகும். அதனால் கோடையில் விடிகாலையில் பின்னுவது நல்லது.

கைக்கு அன்றைக்கு வேறு என்ன வேலை இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், இதைப் பெரும்பாலானவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. காலையில் தேங்காய் துருவி, துணி பிழிந்து, மதியம் ஸ்கூட்டர் ஓட்டி, இடையில் மணிக்கணக்கில் ஃபோனைக் கட்டைவிரலால் தள்ளி, ராத்திரி பின்ன உட்கார்ந்தால் அந்தக் கட்டைவிரல் ஏற்கெனவே ஓய்ந்துபோயிருக்கிறது. பூக் கட்டுகிறவர்கள், சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள் பொழுதுபோக்காகப் பின்ன ஆரம்பித்தால் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். வேலை அதிகமான நாளில் ஊசியைத் தொடாமல் விடுங்கள்.

இனி, எப்போது மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கட்டைவிரலை விரிக்கிற, உயர்த்துகிற தசைநாண்கள் இரண்டு, மணிக்கட்டின் ஓரத்தில் குறுகிய உறை ஒன்றுக்குள் போகின்றன. அந்த உறை தடித்து நாண் உரசினால் வருவது டி குவெர்வேன் பிரச்சினை, 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கைமுஷ்டி பிடித்து, மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டைச் சாய்த்தால் சுரீர் என்று வலிக்கும். எல்லோருக்கும் லேசாக இழுக்கும் என்பதால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதேபோல ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறீர்கள், சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிற கார்பல் டனலாக இருக்கலாம். காலையில் விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, டக்கென்று விடுபட்டால் அது ட்ரிகர் ஃபிங்கர், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். கர்ப்ப காலத்தில் உடம்பில் நீர் சேர்வதால் கை மரத்துப்போவது சகஜம், குழந்தை பிறந்தபின் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் வலி வருவதும் சகஜம், அந்த மாதங்களில் பின்னலைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. தைராய்டு குறைவு உள்ளவர்களும் மரத்துப்போதலைச் சாதாரணமாக விடக் கூடாது.

இவற்றில் எதற்கும் சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். வீங்கிய நாண் மேல் எண்ணெய் விட்டு நீவி, சொடுக்கெடுத்து, வீக்கம் இரட்டிப்பாகி வந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்தால் பலருக்குக் கட்டைவிரலையோ மணிக்கட்டையோ தாங்குகிற ஒரு ஸ்ப்ளின்ட், சில வார ஓய்வு, முறையான பயிற்சி போதும். தள்ளிப்போட்டால் மூட்டுக்கருகே ஊசி மருந்து, சிலருக்கு அறுவை சிகிச்சை என்று நீளும். பின்னுவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் வலி போகவில்லை, மரத்துப்போவது தொடர்கிறது, டம்ளர் கை நழுவுகிறது என்றால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள்.

வரும்போது உங்கள் ஊசியையும் பாதி பின்னிய மஃப்ளரையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்கு முன் எதிரே உட்கார்ந்து நாலு வரிசை பின்னிக் காட்டச் சொல்வேன். எந்த விரல் இறுகுகிறது, எந்தத் தோள் ஏறுகிறது என்று அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பலரைப் பின்னலை விடச் சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை, ஊசியை மாற்றி, பிடியை மாற்றி, நேரத்தைக் குறைத்தால் அந்த மஃப்ளரையே முடிக்கிறார்கள்.