குஞ்சின் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தீர்களா?

"டாக்டர், மூணு குஞ்சுக்குக் கழுத்து வீங்கியிருக்குதுங்க, என்ன மருந்து ஊத்தறது?" என்று கேட்டபடி, ஆறு நாள் வயதான நாட்டுக்கோழிக் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார் ஒரு பெண்மணி. வீங்கியிருந்தது கழுத்து அல்ல. கழுத்தின் அடியில், சற்றே வலப்புறமாக இருக்கும் தீனிப்பை. தின்ற தீவனம் ஊறி, சிறிது சிறிதாகக் கீழே இறங்கும் வரை தங்கும் இடம் அதுதான். ஆகவே தின்ற குஞ்சுக்கு அது புடைத்திருப்பது நோயே இல்லை. குஞ்சுகளைப் புரூடரில் (வெப்பம் தரும் கூண்டில்) விட்ட 24 மணி நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்காவது அது நிறைந்திருக்க வேண்டும்.

பார்வையை விட விரல்தான் இதில் உண்மை சொல்லும். கூழ் கட்டிய பைபோல மெத்தென்றிருந்தால் நலம். தீவனம் மணல்மணலாக, இறுகித் தட்டுப்பட்டால் குஞ்சு போதிய தண்ணீர் குடிக்கவில்லை. வெறும் நீராகத் தளும்பினால் தீவனம் எடுக்கவில்லை. குஞ்சைத் தனியே வெதுவெதுப்பான இடத்தில் விட்டு, தண்ணீர் மட்டும் வைத்து, சில மணி நேரம் கழித்துத் தொட்டும் பை குறையவே இல்லையென்றால்தான் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மருந்தைத் தேடுமுன் பின்புறத்தைப் பாருங்கள்: எச்சம் காய்ந்து ஆசனவாயை அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தாலே போதும், இழுத்துப் பிய்க்கக் கூடாது. முதல் வாரத்தில் புரூடரின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இல்லாமல் குஞ்சுகள் குளிரில் ஒடுங்கினாலும் செரிமானம் மந்தமாகும்.

அடைப்பு உறுதியானால், அலகின் நுனியை வெதுவெதுப்பான நீரில் தொட்டுத் தொட்டுத் தானாகக் குடிக்க வைத்து, பையை விரல் நுனியால் மெல்ல நீவி விடலாம். வாய்க்குள் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருப்பதால் ஊற்றிய நீர் நுரையீரலுக்குப் போகும். தலைகீழாகப் பிடித்துப் பிதுக்குவதும் அதே ஆபத்துதான். இணையக் காணொளிகளைப் பார்த்து இப்படிச் செய்து குஞ்சைக் கொன்றவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பை தொளதொளவென்று தொங்கி, வாயில் புளித்த வாடை அடித்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீண்ட நாள் ஆன்டிபயாடிக் கொடுத்த குஞ்சுகளில் இது அதிகம்; ஆகவே மேலும் ஆன்டிபயாடிக் கொடுப்பது தீயில் எண்ணெய் விடுவதுதான். நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சைக்கொல்லியை எடை பார்த்து மருத்துவர் தர வேண்டும். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கண்ணளவில் கரைத்து வைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை, அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. பல குஞ்சுகளுக்கு ஒரே நேரத்தில் பை நீர்கோத்து, சோர்வும் பச்சைக் கழிச்சலும் சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண்மணி கொண்டுவந்த மூன்று குஞ்சுகளுக்கும் அடைப்புதான். அவற்றில் இரண்டு, நீரும் நீவலுமாக இரண்டு நாளில் தேறின. ஒன்று அன்றிரவே இறந்தது. அறுத்துப் பார்த்தபோது தீனிப்பைக்குள் வேப்பங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு: சணல் நூல். உமியைக் குஞ்சுகள் கொத்தாமலிருக்க அவர் பழைய சாக்கை விரித்திருந்தார். கிழிந்த ஓரத்தில் தொங்கிய இழைகளைப் புழுவென்று நினைத்து அவை விழுங்கியிருக்கின்றன. சாக்கை எடுத்துவிட்டு, முதல் சில நாட்களுக்குச் சொரசொரப்பான தாளை விரித்துத் தினமும் மாற்றச் சொன்னேன். வழுவழுப்பான தாள் ஆகாது. கால் வழுக்கி விரிந்துவிடும்.