தாத்தாவின் கதை யாருக்குச் சொந்தம்? ஒரு நாவலை வழக்குக் கட்டாகப் படிப்பது

அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் கேடிஸ் 1994-இல் வெளியிட்ட 'எ ஃப்ராலிக் ஆஃப் ஹிஸ் ஓன்' நாவலைப் பாடமாக எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். உரையாடலை மட்டும் படித்துவிட்டு, நடுவே வரும் தீர்ப்பையும் வாக்குமூலத்தையும் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். நகைச்சுவையில் பெரும்பங்கு அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.

தலைப்பே ஒரு பழைய தீர்ப்பிலிருந்து வந்தது. 1834-இல் இங்கிலாந்தில் நடந்த ஜோயல் எதிர் மோரிசன் வழக்கு, வண்டி மோதிய விவகாரம். முதலாளியின் வேலையாகப் போகிறவன் சற்றுச் சுற்றிப் போய் யார் மீதாவது மோதினாலும் முதலாளிதான் பொறுப்பு. முழுக்கத் தன் இஷ்டத்துக்கு ஊர்சுற்றப் போயிருந்தால் ('எ ஃப்ராலிக் ஆஃப் ஹிஸ் ஓன்') இல்லை என்றார் நீதிபதி பார்க். நாவலின் நாயகன் ஆஸ்கர் கிரீஸோ, சாவியில்லாமல் கம்பியை இணைத்துக் கிளப்பிய தன் சொந்தக் காரிலேயே அடிபட்டவன். நஷ்ட ஈடு யாரிடம் கேட்பது?

முக்கிய வழக்கு அதுவல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துத் தாத்தாவை வைத்து ஆஸ்கர் ஒரு நாடகம் எழுதியிருக்கிறான். இரு தரப்புப் படைக்கும் தனக்குப் பதிலாக ஆளனுப்பியவர் தாத்தா. அந்த இருவரும் 1862-இல் ஆன்டீட்டம் போர்க்களத்தில் ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். இதே கதையை ஒரு சினிமாக்காரர் திருடிப் படமாக்கிவிட்டார் என்பது புகார்.

இங்கே பென்சிலை எடுத்து, தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் யாரும் உரிமை கோர முடியாதவை: நடந்த வரலாறு, போர், பதிலாள் வைக்கும் வழக்கம், குடும்பத்தில் சொல்லிவந்த செய்தி. வலப்பக்கம் ஆஸ்கர் கையால் ஆனவை: காட்சிகளின் வரிசை, வசனம், பாத்திர வார்ப்பு. வாக்குமூலப் பகுதியைப் படித்தபடி ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தில் குறியுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலான பாய் என்பவர் செய்வதும் இதேதான். வலப்பக்கத்தில் இருப்பதை ஒவ்வொன்றாக இடப்பக்கத்துக்குத் தள்ளுகிறார். நாடகத்தில் பிளேட்டோவின் சாயல் இருப்பதை எடுத்துக்காட்டும்போது, 'என்னுடையது' என்று ஆஸ்கர் கைவைத்த இடம் அடியோடு நழுவுகிறது. (பதிப்புரிமையைக் காப்புரிமை என்று எழுதும் பழக்கத்தை இந்தப் பயிற்சிக்குள் கொண்டுவராதீர்கள். கண்டுபிடிப்புக்குத் தரும் பேடன்ட்டையும் அதே சொல்லால் குறிப்பதால் குழப்பம்தான் மிஞ்சும்.)

இந்தக் கோடு எங்கே விழும் என்று பார்க்க இரண்டு உண்மை வழக்குகள் போதும். 1930-இல் நிக்கல்ஸ் எதிர் யுனிவர்சல்: யூத, ஐரிஷ் குடும்பங்களின் சண்டை, பிள்ளைகளின் காதல் என்ற பொதுவான கரு மட்டுமே நாடகத்துக்கும் படத்துக்கும் ஒத்துப்போனதால் நாடகாசிரியர் தோற்றார். 1936-இல் ஷெல்டன் எதிர் மெட்ரோ கோல்ட்வின்: காட்சிகளின் கட்டமைப்பே எடுக்கப்பட்டிருந்ததால் நாடகாசிரியர்கள் ஜெயித்தார்கள். ஆனால் 1940-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் படத்தின் லாபத்தில் 20 சதவீதத்தைத்தான் உறுதிசெய்தது. மீதி நடிகர்கள், இயக்கம், விளம்பரத்தால் வந்ததாம். ஆஸ்கர் மேல்முறையீட்டில் ஜெயித்தபிறகும் கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்பது இந்தக் கணக்கைத் தெரிந்தவருக்கு உடனே விளங்கும்.

படிப்பதில் இன்னொரு சிக்கல், பேசுகிறவர் யார் என்பது. கேடிஸ் மேற்கோள்குறி போடுவதில்லை, சிறுகோடு மட்டும். பேசுபவர் பெயரும் சொல்வதில்லை. முதல் நாற்பது பக்கத்துக்கு ஓரத்தில் ஆ, கி, ஹா என்று முதலெழுத்தைக் குறித்தால் போதும்: ஆஸ்கர், மாற்றாந்தாய் வழிச் சகோதரி கிறிஸ்டினா, அவள் கணவன் வக்கீல் ஹாரி. அதற்குமேல் குரலே ஆளைச் சொல்லிவிடும்.

சிற்பத்துக்குள் நாய் மாட்டிக்கொண்ட கிளை வழக்கைத் தவிர்க்காதீர்கள். சிற்பத்தை வெட்டக்கூடாது என்று சிற்பி தடை கேட்கிறார். அந்தத் தீர்ப்பை எழுதுபவர் ஆஸ்கரின் அப்பா, நீதிபதி கிரீஸ். விற்ற பிறகும் படைப்பின் மீது கலைஞருக்கு ஒரு பிடி உண்டு என்று 1990-இல் அமெரிக்கச் சட்டம் ஏற்ற காலம் அது.

மகனின் மேல்முறையீட்டுக்கும் பின்னாலிருந்து வாதத்தை எழுதிக்கொடுத்தவர் அந்த அப்பாதான். பாசம் என்று ஆஸ்கர் நம்ப ஆசைப்படுகிறான். கீழ்நீதிமன்றத் தீர்ப்பில் சட்டம் கெட்டுக்கிடந்ததைப் பொறுக்காமல் செய்தார், மகனுக்காக அல்ல என்று அவருடைய பழைய எழுத்தர் சொல்லிவிட்டுப் போகிறார்.