தரை இறங்கியதா, பக்கத்து மூலை ஏறியதா? கரிசலில் வீடு வைத்திருப்பவர்களுக்கு

கோடை முற்றும்போதும், ஐப்பசி மழை பிடித்துச் சில நாள் ஆனபிறகும் எனக்கு வருகிற போன்கள் ஒரே மாதிரி இருக்கும். "சார், மூலையில் சுவர் வெடித்திருக்கு", "அடுப்படித் தரை இறங்கிவிட்டது", "வாசக்கதவு உரசுது, ஆசாரி வந்து இழைச்சுக் கொடுத்தும் மறுபடி உரசுது". கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் பக்கம் வேலை பார்க்கும் எந்த இஞ்சினியரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். போனோடு சேர்ந்து பெரும்பாலும் ஒரு எஸ்டிமேட்டும் வரும். யாரோ வந்து பார்த்து, அஸ்திவாரமே போய்விட்டது, சுற்றிலும் தோண்டி கான்கிரீட் போட்டால்தான் வீடு நிற்கும், இத்தனை லட்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருப்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியும்வரை ஒரு மூட்டை சிமெண்டுகூட இறக்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது.

கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்கிற களிமண் தாது இருக்கிறது. மெல்லிய தகடுகள் அடுக்கியது போன்ற அமைப்பு. தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பருத்தி போடுகிறவருக்கு இது வரம்தான். கோடையில் நிலம் கை நுழையும் அளவுக்குப் பிளந்து, மேல்மண் உள்ளே சரிந்து, தன்னைத்தானே உழுதுகொள்கிறது. அதே மண்மேல் வீடு கட்டியவர் பாடு வேறு. இந்த உப்பலும் சுருக்கமும் மேலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் ஆழம் வரை வருஷா வருஷம் நடக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளுக்கு வாணம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டியது நாலடி, மிஞ்சினால் ஐந்தடி. அதாவது கடைக்கால் முழுக்க அசைகிற மண்ணுக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, இந்த மண் உப்பும்போது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர மீட்டருக்கு 20 டன்னைத் தாண்டுவது அதிசயமில்லை. ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டின் சுவர் கீழே கொடுக்கும் பாரம் அதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் மாடி எழுப்பிய வீட்டைவிடக் காம்பவுண்ட் சுவர், போர்ட்டிகோ, வெளிப்படிக்கட்டு, பின்னால் ஒட்டிக் கட்டிய குளியலறை இவைதான் முதலில் கோணும். "மாடி வேறு எடுத்திருக்கிறோம், அந்தப் பாரத்தில்தான் இறங்கியிருக்கும்" என்று சொல்பவர்களிடம், முன்பக்கத்துத் தூண் இல்லாத வெறும் படிக்கட்டு ஏன் முதலில் பிரிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

மண் மேலே தள்ளவும் செய்யும் என்பதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். கண்ணுக்கு இறங்கியதாகத் தெரியும் மூலை உண்மையில் இறங்கியதா, அல்லது மற்ற பக்கம் ஏறியதா?

அருப்புக்கோட்டைப் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. மேற்கு மூலை இறங்கிவிட்டது என்று அந்தப் பக்கம் முழுக்கத் தோண்டிக் கான்கிரீட் போட எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தார். ஹாலில் கோலிக்குண்டைத் தரையில் விட்டால் மேற்கே ஓடத்தான் செய்தது. ஆனால் அது ஹாலின் சாய்வைச் சொல்லுமே தவிர, எந்த முனை நகர்ந்தது என்று சொல்லாது. டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் டியூப்) தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழ் போகத் தட்டி, வீட்டைச் சுற்றி பெல்ட் கான்கிரீட்டின், அதாவது சுவருக்கு அடியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையின், மேல்விளிம்பை இடம் இடமாக அளந்தோம். கட்டும்போது மட்டம் பார்த்து வைத்தது அது ஒன்றுதானே. ஒப்பிட்டுப் பார்க்க அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதற்குப் போர்வெல் கேசிங் பைப்பை எடுத்துக்கொள்வேன். பாறை வரை இறங்கியிருப்பதால் மேல்மண் ஆடும் ஆட்டம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. வீடு கட்டிய புதிதில் போட்ட போர், கேசிங்கைச் சுற்றிய சிமெண்ட் மேடையையும் பெல்ட் மட்டத்துக்கே பூசியிருந்தார்கள், அதிர்ஷ்டம். மேற்கு மூலை பைப்போடு ஏறக்குறைய ஒத்துப்போனது. கிழக்கு மூலைதான் இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்கியிருந்தது. கிழக்கே என்ன இருக்கிறது என்று பார்த்தால், சுவரை ஒட்டி நிலத்தடித் தொட்டி.

"தம்பி, சம்ப்பில் தண்ணி குறையவே குறையாதே, அது எப்படி லீக் ஆகும்?" என்றார். "மோட்டாரைப் போட வேண்டாம், லைனையும் அடைச்சிருங்க சார், ராத்திரி கோடு போட்டுக் காலையில் பார்க்கலாம்" என்றேன். விடிந்தபோது கோட்டுக்குக் கீழே நாலு விரல் இறங்கியிருந்தது. குழாய்த் தண்ணீர் வந்து நிரப்பிக்கொண்டே இருந்ததால் குறைவது தெரியாமல் போயிருக்கிறது. தொட்டியின் உள்பூச்சைக் கொத்தி எடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுப் பூசி, வேறெதுவும் செய்யாமல் விட்டோம். களிமண் காய நாளாகும். அடுத்த கோடை முடிவில் விரிசல் பாதிக்கும் மேல் தானே மூடியிருந்தது. மேற்கே தோண்டியிருந்தால் நல்லா இருந்த மூலையையும் கெடுத்திருப்போம்.

இதே விஷயம் வீட்டுக்கு நடுவிலும் நடக்கும். வீடு கட்டியதும் அடியில் இருக்கும் மண்ணுக்கு வெயில் படாது, ஆவியாக வழியில்லை. சில வருஷத்தில் நடுவில் ஈரம் சேர்ந்து தரை மெல்ல மேடாகும். ஓரங்கள் மட்டும் கோடையில் சுருங்கி மழைக்கு உப்பி ஆடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு ஓரம் இறங்கியது போலத்தான் தோன்றும்.

விரிசலும் நிறையச் சொல்லும். மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் சுவரின் முனைகள் தாழ்ந்திருக்கின்றன அல்லது நடு ஏறியிருக்கிறது. கீழே அகலம் என்றால் நடு தாழ்ந்திருக்கிறது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்விளிம்பில் பெயிண்ட், தூசி, சிலந்தி வலை இருந்தால் அது பழைய வெடிப்பு. செங்கல் பளிச்சென்று புதுசாகத் தெரிந்தால் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்புறம் விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி எவ்வளவு என்று மாதம் ஒரு முறை அளந்து சுவரிலேயே தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு கோடை, ஒரு மழை, இரண்டும் தாண்டினால் போதும். கோடையில் விரிந்து மழையில் மூடுகிறதா, மழையில் விரிந்து கோடையில் மூடுகிறதா, எப்போதும் விரிந்துகொண்டே போகிறதா என்று தெரிந்துவிடும். கடைசி வகைதான் அவசரம்.

தரை மட்டும் இறங்கியிருப்பது பெரும்பாலும் வேறு சங்கதி, அதற்கும் அஸ்திவாரத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். வாணத்திலிருந்து தோண்டி எடுத்த அதே கரிசலை, லாரி வாடகை மிச்சம் என்று பேஸ்மெண்டுக்குள்ளேயே தள்ளி, மேலே ஒரு யூனிட் மணல் பரப்பித் தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து இறுக்காமல் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். கட்டுவதை வீட்டுக்காரர் பார்க்கப் போகும் நாளில் மேலே மணல்தான் தெரியும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். உள்ளே காலி போல வெற்றுச் சத்தம் கேட்டு, சுவர் ஓரத்துப் பார்டர் டைல்ஸுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, சுவரில் விரிசல் ஒன்றும் இல்லையென்றால், தப்பு நிரப்பிய மண்ணில்தான். அந்த அறையை உடைத்து, கரிசலை முடிந்தவரை, குறைந்தது இரண்டு மூன்றடிக்காவது அள்ளி வெளியே கொட்டி, கிராவல் அடித்து, அரையடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு ஏற்றி, மேலே கான்கிரீட் போட வேண்டும். தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இடைவெளி விட்டால் நாளைக்குத் தரை கொஞ்சம் அசைந்தாலும் சுவரைப் பிடித்து இழுக்காது. தூசிதான் வீடு முழுக்க இருக்கும், அதைத் தவிர கஷ்டமான வேலையில்லை.

உடைக்காமலே தூக்கித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய்யில்லை, முறை உண்டு. தரையில் துளை போட்டு, சிமெண்ட், மண், தண்ணீர் கலந்த குழம்பைப் பம்பில் அழுத்தித் தரையை மேலே தள்ளுவது பழைய வழி. பாலியூரித்தேன் நுரையை விரல் கனத் துளை வழியாகச் செலுத்துவது புது வழி; சில விநாடிகளில் பொங்கி இறுகிவிடும், எடையும் குறைவு, விலைதான் ஏற்றம். குடோன், தொழிற்சாலைத் தரைகளுக்கு அருமையான வேலை, ஏனென்றால் அங்கே வேலையை நிறுத்த முடியாது. நம் வீட்டுக் குளியலறைக்குக் கீழே செய்யும்போது குழம்பு உடைந்த கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து இறுகிய கதையும் உண்டு. அப்புறம் எல்லாவற்றையும் உடைக்க வேண்டியதுதான். எந்த முறையானாலும் அது வெற்றிடத்தை நிரப்பித் தரையைத் தூக்குகிறது, அவ்வளவே. அடியில் உள்ள களிமண் அடுத்த கோடையில் சுருங்குவதை அது நிறுத்தாது. காய்ந்த கோடையில் தூக்கி மட்டம் பார்த்துவிட்டுப் போனால், மழைக்கு மண் உப்பும்போது அதே தரை மேடாகிவிடும்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாய் சுவரடியிலேயே முடிகிறதா, அதைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். கழுவுகிற, துவைக்கிற இடத்துத் தண்ணீர் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் வாட்டம் வைத்து ஒரு தளம் போடுங்கள். சுவரும் தளமும் சேரும் இடத்தைத் தார் அல்லது சீலண்ட் வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடுக்குதான் தண்ணீருக்கு வாசல். இந்தத் தளம் மழையை வெளியே தள்ளுவதோடு, கோடையில் ஓரத்து மண் காய்வதையும் மட்டுப்படுத்துகிறது. ஈரம் சட்டென்று குறைவதும் கெடுதல், சட்டென்று கூடுவதும் கெடுதல்தான். அதனால் சுவரை ஒட்டி வளர்ந்த பெரிய வேம்பை ஒரே நாளில் வெட்டிச் சாய்க்காதீர்கள். அது இத்தனை வருஷம் உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் இனி மண்ணிலேயே தங்கும், அந்தப் பக்கம் உப்ப ஆரம்பிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவது நல்லது.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2003க்குப் பிறகு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் இடம் இல்லை என்று மூலைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் குழி தோண்டி ஜல்லி நிரப்பி, மொட்டைமாடித் தண்ணீர் மொத்தத்தையும் அதில் விடுகிறார்கள். கரிசலில் தண்ணீர் கீழே சீக்கிரம் இறங்காது. குழியிலேயே தேங்கி, பக்கவாட்டில் ஊறி, கடைக்காலுக்கு அடியில்தான் போகும். மூலை வெடித்த வீடுகளில் நான் முதலில் தேடுவது இந்தக் குழியைத்தான். தண்ணீரைத் தொட்டியில் பிடித்துப் புழங்குங்கள், அல்லது வடிகட்டிப் போர்வெல் வழியாக ஆழத்துக்கு இறக்குங்கள். குழிதான் வேண்டுமென்றால் மனையின் கடைசி ஓரத்துக்குக் கொண்டுபோங்கள்.

இதையெல்லாம் செய்து ஒரு வருஷம் அளந்தும் மூலை இறங்கிக்கொண்டே இருந்தால் அஸ்திவாரத்தில் கை வைக்கத்தான் வேண்டும். பழைய கடைக்காலுக்கு அடியில் சுக்கான் பாறையோ சரளையோ தட்டும்வரை தோண்டி, அங்கிருந்து கான்கிரீட் எழுப்பித் தாங்கு கொடுப்பது ஒரு வழி. இதில் உயிர் போகும் ஆபத்து ஒன்று உண்டு: ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டுவது. மூன்று நாலடி நீளத்துக்கு ஒரு குழி, அப்புறம் ஒரு இடம் விட்டு அடுத்த குழி, போட்ட கான்கிரீட் இறுகி மேல் இடுக்கை நன்றாகச் செருகி அடைத்த பிறகுதான் விட்ட இடத்தைத் தொட வேண்டும். "ஜேசிபி வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் அண்ணாச்சி" என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கெட்டி மண் ரொம்ப ஆழத்தில் இருந்தால் சுவரின் இருபுறமும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்) இறக்கி, குறுக்கே பீம் செலுத்திச் சுவரைத் தாங்கவைப்பார்கள். அதற்கு வரைபடமும் கணக்கும் போட்டுத் தர ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் வேண்டும், மேஸ்திரியின் அனுபவம் மட்டும் போதாது.

சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தினால் கரிசல் சாதுவாகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்து புரட்டினால் உண்மையிலேயே உப்பல் குறையும், ரோடு போடும்போது செய்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வீட்டுக்கு அடியில் துளை வழியாக விட்டால் வெடிப்புகளில் மட்டும் ஓடி நின்றுவிடும், கட்டியான களிமண்ணுக்குள் ஊடுருவாது.

சுவர் விரிசலை அடைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. சித்திரையில் வாய் பிளந்து நிற்கும்போது கெட்டிக் கலவையைத் திணித்துவிட்டால், மழையில் சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லாமல் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அசைவு நின்றது உறுதியானபின், விரிசலுக்குக் குறுக்கே காடி வெட்டிக் கம்பி பதித்துத் தைத்து மூடலாம். அதுவரை மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் நெகிழ்வான சீலண்ட் போதும்.

புதிதாகக் கட்டப் போகிறவர்கள் மனையை வாங்கியதும் மண் எவ்வளவு உப்பும் என்று பார்க்கும் ஃப்ரீ ஸ்வெல் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த பத்து கிராம் உலர்மண் ஒரு ஜாடியில் தண்ணீரிலும், இன்னொரு பத்து கிராம் மற்றொரு ஜாடியில் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறும். மண்ணெண்ணெயில் களி உப்பாது, ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மண்ணின் குணம். அந்த வித்தியாசம், மண்ணெண்ணெயில் கிடக்கும் மண்ணின் கன அளவில் 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கல்லுக்கட்டுக் கடைக்கால் வேண்டாம். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சி.பி.ஆர்.ஐ.) நம் நாட்டுக் கரிசலுக்கென்றே வளர்த்தெடுத்த அண்டர் ரீம்டு பைல் இருக்கிறது: அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் குமிழ், ஆழம் குறைந்தது மூன்றரை மீட்டர், மேலே பைல்களை இணைக்கும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் காலி இடம். அந்தக் காலி இடத்தை, தெரியாத கொத்தனார் மண் போட்டு நிரப்பிவிடுவார், அன்றைக்கு நீங்கள் சைட்டில் இருங்கள்.

தூக்கித் தருகிற கம்பெனிக்காரர் பத்து வருஷ கியாரண்டி என்று சொன்னால், எதற்குக் கியாரண்டி என்று எழுத்தில் கேளுங்கள். அவர் செலுத்திய நுரை சுருங்காது என்பதற்கா, தரை மட்டம் மாறாது என்பதற்கா? முதலாவதற்குத்தான் என்றால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.