இந்த வார டெங்குச் செய்தி எந்த வாரத்துக் காய்ச்சல்?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்கள் போனால், கொழும்பிலிருந்து வரும் எந்தத் தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்தாலும் ஒரே தலைப்புத்தான்: ‘டெங்கு நோயாளர் எண்ணிக்கை அதிகரிப்பு, கொழும்பு முதலிடம்’. உள்ளே ஐந்தாறு வரி, நுளம்பின் படம், ஒரு பெரிய எண். இன்றைய நிலவரத்தை அந்த எண் சொல்கிறது என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்கிறார். அதன் பயணமோ பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் ஒரு நுளம்பு டெங்கு நோயாளியைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் பிடிக்கும். அதற்குப் பிறகு அது கடிக்கும் ஆளுக்குக் காய்ச்சல் காண இன்னும் 4 முதல் 10 நாள். காய்ச்சல் வந்த அன்றே யார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்? முதலில் பனடோல், பிறகு சந்தியிலுள்ள டொக்டர், மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை, அதன் பின்னர்தான் வார்டு.

அங்கே டெங்கு என்று வைத்தியர் சந்தேகித்ததுமே ‘எச் 544’ என்ற அறிவித்தல் படிவம் நிரப்பப்பட வேண்டும். 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் கடமை இது. படிவம் நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து விசாரிப்பார், தண்ணீர் தேங்கும் இடங்களைப் பார்ப்பார். பணிமனைகளின் வார அறிக்கைகள் கொழும்பு 10 இலுள்ள, சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவில் சேரும். டெங்குக்கு இப்போது ஒன்லைன் பதிவு முறையும் இருப்பதால் கடதாசி அலையும் நாட்கள் குறைந்திருக்கின்றன. நுளம்புக்குள்ளும் உடலுக்குள்ளும் வைரஸ் எடுக்கும் நாட்கள் அப்படியேதான். ஜூன் கடைசியில் ‘திடீர் அதிகரிப்பு’ என்று வரும் செய்தி, மே மாத மழையில் நிறைந்த பூச்சாடித் தட்டுகளின் கணக்கு.

தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் ஒரு அட்டவணை உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் ‘ஏ’, ‘பி’ என இரண்டு நிரல்கள். முதலாவது அந்த வாரத்தில் அறிவிக்கப்பட்டவர்கள், இரண்டாவது ஜனவரியிலிருந்து சேர்ந்த மொத்தம். செய்தித்தளங்களுக்குப் பிடித்தது இரண்டாவது. காரணம் எளிது: அது பெரிய எண், ஒருபோதும் குறையாது. பஸ்ஸின் கிலோமீட்டர் கணக்கு மாதிரி, வண்டி ஊர்ந்தாலும் பறந்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். 2017 இல் நாடு கண்ட மிகப் பெரிய டெங்குப் பரவலின்போது ஜூலையில் உச்சம் தொட்டு, பிறகு வாராந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. ‘பி’ நிரலோ டிசம்பர் வரை ஏறி 1,86,101 இல் நின்றது. பரவல் தணிந்த மாதங்களிலும் புதிய உச்சத்தைத் தலைப்பாக்க அந்த நிரல் இடம்கொடுத்தது.

அந்த 1,86,101 பேரும் ‘டெங்கு எனச் சந்தேகிக்கப்படுவோர்’. எல்லோருக்கும் வைரஸ் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய எண் அல்ல. நோய்க்குறிகளை வைத்து வைத்தியர் அறிவித்த எண். பரவலின் போக்கை விரைவாக அறிய இதுவே போதும், நல்ல முறையும்கூட. ஆனால் செய்தியில் முதலில் காணாமல் போவது ‘சந்தேகிக்கப்படும்’ என்ற சொல்தான். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்த அறிக்கையைப் பக்கத்துத் தளம் போடுவதற்கு முன் தமிழாக்கிப் போட வேண்டிய அவசரத்தில் அந்தச் சொல் சுமையாகத் தெரிகிறது போலும். மறுபக்கம், தனியார் டொக்டரிடம் மருந்தெடுத்து வீட்டிலேயே குணமானவர்களில் பலர் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

அதே அட்டவணையின் ஓரத்தில் யாரும் எட்டிப்பார்க்காத இன்னொரு விவரம் இருக்கிறது: ஒவ்வொரு பிரிவிலிருந்தும் எத்தனை வீத அறிக்கைகள் உரிய நேரத்தில் வந்தன என்பது. புத்தாண்டு, வெசாக் விடுமுறை வாரத்தில் எண்ணிக்கை இறங்கினால், மகிழ்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அதுதான். நிரைகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 25 மாவட்டங்களோடு, அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதியான கல்முனை தனி நிரையாக வருகிறது. இது தெரியாமல் ‘அம்பாறை மாவட்டத்தில் குறைவு’ என்று எழுதினால், கரையோரத்துத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் பல அந்த வாக்கியத்தில் இல்லாமலே போய்விடும்.

‘கொழும்பு முதலிடம்’ என்பதற்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் 23 லட்சத்துக்கு மேல், யாழ்ப்பாணத்தில் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையானோர் நோயுற்றால் யாழ்ப்பாணத்தவருக்கு ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் போட ஒரு நிமிடம் போதும், கைத்தொலைபேசியிலேயே செய்யலாம். அதைச் செய்த தமிழ்ச் செய்தி அபூர்வம்.

இறப்புக் கணக்கிலும் வகுத்தால்தான் விஷயம் தெரியும். 2009 இல் 35 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நோயாளர், 346 மரணங்கள். நூறு பேருக்கு ஒருவர். 2017 இல் 440 மரணங்கள், ஆயிரம் பேருக்கு இருவர் அல்லது மூவர். மரணங்களை மட்டும் தலைப்பில் போட்டால் நிலைமை மோசமானதாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் சிகிச்சை வெகுவாக முன்னேறியிருப்பது தெரியும். லேசான நோயாளரும் கூடுதலாகப் பதிவானதற்கும் இதில் பங்கு இருக்கலாம். அந்த முன்னேற்றத்துக்குத் தேசிய சிகிச்சை வழிகாட்டிகளும் நோயாளிக்குக் கொடுக்கும் திரவத்தை அளந்து கட்டுப்படுத்தப் பழகிய வார்டுகளும் காரணம். வாரக்கணக்காக இரவு பகல் பாராமல் நோயாளியின் நீர் வரவையும் செலவையும் எழுதும் தாதியர் செய்திக்குப் படம் கொடுக்க மாட்டார்கள்தானே.

வார நிரலில் இடமில்லாத நோய்களுக்குச் செய்தியிலும் இடம் குறைவு. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணம். அவற்றுக்கு ‘இந்த வாரம் இத்தனை பேர்’ என்று சொல்ல யாரும் இல்லை. புதிய எண் இல்லாவிட்டால் புதிய செய்தியும் இல்லை.

டெங்குக்குள்ளேயேகூட எண்ணின் மீதான மோகம் கவனத்தை வேறு பக்கம் இழுத்துவிடுகிறது. ‘பிளேட்லெட் (இரத்தத்தட்டு) எவ்வளவு?’ என்பதே வீடுகளில் முதல் கேள்வி, பப்பாளி இலைச் சாறு பற்றிய செய்திகளும் அதைச் சுற்றித்தான். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் இரத்தக்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிவது. அது தொடங்குவது அநேகமாகக் காய்ச்சல் இறங்கும் வேளையில், நோயின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். வீட்டில் எல்லோரும் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று நிம்மதியடையும் அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும், பிளேட்லெட் முடிவு வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.