குஞ்சு நொண்டுகிறதா? கட்டுவதற்கு முன் கொஞ்சம் பாருங்கள்

கோழிக்குஞ்சு நொண்டினால் நம் வீடுகளில் முதல் வேலை கட்டுப் போடுவது. தீக்குச்சியைச் சிம்பாக வைத்து, தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுக் கூடைக்குள் விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று நாளில் விரல்கள் கறுத்துச் சில்லிட்டுப் போகும். அப்புறம்தான் கால்நடை மருந்தகத்துக்கு வருவார்கள். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் பல நேரம் எலும்பு உடைந்தே இருக்காது. நூல் இறுகி ரத்த ஓட்டம் நின்றதுதான் காலைக் கெடுத்திருக்கும்.

"ஏனுங் டாக்டரு, தாய்க்கோழி மிதிச்சுப் போட்டுதுங்" என்பதுதான் இங்கே அதிகம் கேட்கும் காரணம். மிதிபடுவது உண்டுதான். ஆனால் நொண்டும் குஞ்சு எல்லாம் அடிபட்ட குஞ்சு இல்லை. தரை வழுக்கினாலும் நொண்டும், தீனியில் சத்துக் குறைந்தாலும் நொண்டும், நோய் வந்தாலும் நொண்டும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. அதனால் குஞ்சை யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது பொரித்து எத்தனை நாள், கீழே என்ன விரித்திருக்கிறீர்கள், என்ன தீனி போடுகிறீர்கள் என்பதைத்தான். காலைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

பார்க்கும் முறை எளிது. மெல்லிய துணியில் குஞ்சைச் சுற்றி உள்ளங்கையில் மல்லாத்திப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தாதீர்கள், நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் அதற்கு மூச்சு. இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீக்கம், சூடு, கோணல், நிறமாற்றம் எது இருந்தாலும் நல்ல காலோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். விரலை லேசாகக் கிள்ளினால் குஞ்சு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லை என்றால் சிக்கல் நரம்பில் இருக்கலாம். இன்னொன்று, பின்பக்கமாக மடங்கும் மூட்டை எல்லோரும் முட்டி என்கிறார்கள். அது நம் கணுக்கால் மூட்டுக்குச் சமமானது. உண்மையான முட்டி இறகுக்குள் மறைந்திருக்கும். போனில் ஆலோசனை கேட்கும்போது "இறகு இல்லாத பகுதியிலா, இறகுள்ள பகுதியிலா" என்று சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

விரல்களையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். உரச்சாக்கு நூலும் தலைமுடியும் குஞ்சு விரலில் சுற்றிக்கொண்டு வருவது மிகச் சாதாரணம். கிளறக் கிளற இறுகும். முடி தோலுக்குள் புதைந்து, அந்த இடத்தில் மெல்லிய பள்ளமும் அதற்குக் கீழே உப்பிய நீல விரலும் மட்டும் தெரியும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கூர்மையான சிறு கத்தரியின் முனையை நூலுக்கு அடியில் நுழைத்து வெட்ட வேண்டும். பிடித்து இழுத்தால் விரல் அறுந்துவிடும். எல்லாச் சுற்றும் வந்துவிட்டதா என்று இரண்டாம் முறையும் பாருங்கள், ஒரு சுற்று உள்ளே தங்கினாலும் அதே கதிதான்.

பொரித்த முதல் சில நாட்களில் இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிற்றை வைத்தே நகரும் குஞ்சைப் பார்த்தால் பெரும்பாலும் தரைதான் குற்றவாளி. செய்தித்தாள், டைல்ஸ், வழவழப்பான அட்டைப்பெட்டி எல்லாமே பிஞ்சுக் காலுக்குப் பிடிமானம் தராது. இன்குபேட்டரில் சூடு சரியில்லாமல் பொரித்த குஞ்சுக்கும் இது வரும். இதற்கு மருந்தே வேண்டாம். ஒட்டும் பேண்டெய்டு ஒன்றை நீளவாக்கில் ஒல்லியாக வெட்டி, பஞ்சுப்பகுதி நடுவில் வரும்படி, பாதத்துக்கு மேலே இரண்டு காலையும் சேர்த்து விலங்கு மாட்டுவது போல ஒட்டுங்கள். நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டால் குஞ்சு நிற்க முடியும். முதலில் தடுமாறும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். கீழே உமியோ சொரசொரப்பான துணியோ விரியுங்கள். கால் வேகமாகப் பருக்கும் வயது என்பதால் தினமும் பிரித்துப் பார்த்து மாற்றி ஒட்ட வேண்டும். முதல் வாரத்திலேயே செய்தால் சில நாட்களில் நேராகும். இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போனால் எலும்பு அந்தக் கோணலிலேயே இறுகிவிடும்.

அடுத்தது தீனிக்கோளாறு. பொரித்து இரண்டு வாரம் ஆகும்போது விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, குஞ்சு பாதத்தை ஊன்றாமல் பின்மூட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தால் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் பி2 குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெறும் குருணையும் கம்பும் போட்டு வளர்க்கும் வீடுகளில் இது வரும். தானியத்தில் அந்தச் சத்து போதாது. குஞ்சுகளுக்கென்றே விற்கும் ஆரம்பக்கால தீவனத்துக்கு மாற்றி, மருத்துவர் சொல்லும் அளவில் பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கொடுத்தால், தொடக்க நிலையில் இருப்பவை தேறிவிடும். விரல்கள் சுருண்டு பல நாள் ஆனவற்றுக்கு நரம்பு கெட்டிருக்கும், அப்புறம் மருந்து வேலை செய்யாது. இந்தக் குஞ்சுக்குச் சிம்பு வைத்துக் கட்டி என்ன பயன் சொல்லுங்கள்?

பின்மூட்டு வீங்கித் தட்டையாகி, அதற்குக் கீழே கால் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டால் தசைநாண் இடம் மாறியிருக்கிறது. சைக்கிள் செயின் பல்சக்கரத்திலிருந்து நழுவியது மாதிரி, மூட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஓட வேண்டிய நாண் பக்கவாட்டில் விழுந்துவிடும். மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைவதும், சீக்கிரம் எடை போடும் இனமாக இருப்பதும் காரணம். ஒன்றிரண்டு நாளுக்குள் கொண்டுவந்தால் திரும்ப உட்கார வைத்துப் பார்க்கலாம். வீட்டில் இழுத்து நிமிர்த்த வேண்டாம்.

சரி, உண்மையிலேயே எலும்பு உடைந்திருந்தால்? இறகில்லாத தண்டுப்பகுதியில், தோல் கிழியாமல் உடைந்திருந்தால் நல்ல காலம். குளிர்பான ஸ்ட்ராவை நீளவாக்கில் பிளந்து உள்ளே பஞ்சு வைத்து, காலை அதில் நேராகக் கிடத்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் காகிதப் பிளாஸ்டரால் சுற்றலாம். நூல் வேண்டாம், ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ வீங்கினாலோ உடனே தளர்த்துங்கள். வளர்ந்த கோழிக்கு இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும், குஞ்சுக்கு இன்னும் சீக்கிரமே கூடும். தொடைப்பகுதி உடைந்திருந்தால் வீட்டில் கட்ட முயல வேண்டாம். நடமாட இடமில்லாத சின்னப் பெட்டியில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு வெளியே தெரிந்தால் அன்றே வர வேண்டும். குஞ்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவராதீர்கள். துணி விரித்து ஓட்டை போட்ட செருப்பு டப்பா போதும்.

காயத்துக்குச் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கரைத்துக் கழுவுங்கள். பொவிடோன் அயோடினை இளம்பழுப்பு நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து தடவுங்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

வலி மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் மூட்டுவலிக்கு வைத்திருக்கும் டைக்ளோஃபினாக்கை நுணுக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அது கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாடுகளுக்குப் போட்ட இதே மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. கால்நடைகளுக்கு அது 2006லேயே தடை செய்யப்பட்டது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளைக் காக்க இன்றும் பாடுபடுகிறார்கள். குஞ்சுக்கு வலி குறைக்க வேறு மருந்து இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர் தரட்டும்.

மருந்தைவிடக் குஞ்சைக் காப்பாற்றுவது சூடும் தண்ணீரும் ஓய்வும். முதல் வாரத்தில் அதற்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் 60 வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். அனல் அதிகமானால் நொண்டிக் குஞ்சும் நகர்ந்து தப்ப வழி இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும், கூழாங்கல் போட்டு வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். மற்றக் குஞ்சுகளோடு விடக்கூடாது, ரத்தத்தைக் கண்டால் கொத்தியே கொன்றுவிடும். ஆனால் முழுத்தனிமையும் ஆகாது, கத்திக் கத்தியே ஓய்ந்துபோகும். பஞ்சாரத்துக்குள் அதை மட்டும் கவிழ்த்து, தாய்க்கோழியின் குரல் கேட்கும் இடத்தில் வையுங்கள்.

ஒரே நேரத்தில் பல குஞ்சுகள் காலை இழுத்தாலோ, கழுத்துத் திருகினாலோ, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாலோ அது அடிபட்டதல்ல. வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டுத் தடுப்பூசி அதற்குத்தான். ஒரு கால் முன்னாலும் இன்னொரு கால் பின்னாலும் நீட்டிக் கிடந்தால் நரம்பைத் தாக்கும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்றரை மாதம் தாண்டிய கோழிகளில்தான் பெரும்பாலும் இதைப் பார்க்கிறோம். அதற்குச் சிகிச்சை கிடையாது. இரண்டிலுமே நோய்ப்பட்டதை உடனே பிரித்துவிட்டு, கை கழுவிய பிறகே மற்றவற்றைத் தொடுங்கள்.

சந்தையில் விற்கும் கலர்க்குஞ்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முட்டைப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவற்குஞ்சுகளுக்குத்தான் சாயம் பூசி விற்கிறார்கள். பிள்ளைகள் ஆசையாகத் தூக்குவார்கள், கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழும். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொஞ்சச் சொல்லுங்கள், கொஞ்சிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். "பத்து ரூபாய்க் குஞ்சுக்கு டாக்டரா?" என்று சிரித்துக்கொண்டே வரும் அப்பாக்களிடம் நான் வாதிடுவதில்லை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன், பின்னால் நிற்கும் பிள்ளை முகம் போதும்.

கால் ஊன்றத் தொடங்கிய குஞ்சைப் பட்டப்பகலில் கூட்டத்தில் விடாதீர்கள். இருட்டிய பிறகு மற்றவை அடைந்திருக்கும்போது நடுவில் வைத்துவிட்டு, விடிந்ததும் முதல் தீனி வேளையில் பக்கத்திலேயே நின்று பாருங்கள். துரத்தித் துரத்திக் கொத்தினால் மறுபடியும் பஞ்சாரம்தான், இரண்டு நாள் கழித்துத் திரும்ப முயலலாம். சில வாரங்களுக்கு உயரமான பரண் வேண்டாம். ஏறிவிடும், ஆனால் குதித்து இறங்கும்போது அதே காலில்தான் விழும்.