அமுக்குவான் பேய் எப்படி அமுக்குகிறது?

நம்மூர் அமுக்குவான் பேய்க்கு உலகம் முழுக்க உறவினர்கள் உண்டு. ஜப்பானில் கனாஷிபாரி, இத்தாலியின் அப்ருட்சோ பகுதியில் பாண்டஃபேக்கே, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு சூனியக்கிழவி. வரும் விதம் மட்டும் எங்கும் ஒன்றுதான். தூக்கம் பிடிக்கும்போதோ கலையும்போதோ நினைவு தெளிவாக இருக்கும், கண்ணைத் திறக்க முடியும், கைகால் அசையாது, நெஞ்சில் பாரம், அறைக்குள் யாரோ நிற்பதுபோல் இருக்கும். பெரும்பாலும் சில விநாடிகள், சில நேரம் சில நிமிடங்கள். மருத்துவர்கள் இதை ஸ்லீப் பாராலிசிஸ், அதாவது தூக்க முடக்கம் என்கிறார்கள்.

கனவு மிகுந்து வரும் ரெம் தூக்கத்தில் உடலை முடக்கிவைப்பது மூளைத்தண்டின் வழக்கமான வேலை. அங்கிருந்து போகும் உத்தரவால் தண்டுவடத்தில் கிளைசின், காபா என்னும் வேதிப்பொருள்கள் சுரந்து, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்குகின்றன. கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பது இதனால்தான். கண் தசைகளும் உதரவிதானமும் மட்டும் விதிவிலக்கு. விழிப்பு முந்திக்கொண்டு முடக்கம் விலகத் தாமதமானால், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். அதுதான் அமுக்குவான்.

நெஞ்சுப் பாரத்துக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்து, உதரவிதானம் மட்டும் மூச்சை நடத்துகிறது. மூச்சு நிற்பதில்லை, ஆனால் மேலோட்டமாக, தானாக ஓடுகிறது. பயந்துபோய் நன்றாக இழுத்து மூச்சுவிட முயன்றால் முடிவதில்லை. அந்த இயலாமையை மூளை, யாரோ மேலே உட்கார்ந்திருப்பதாகப் பொருள்கொள்கிறது. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

35 ஆய்வுகளை, 36,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கில், வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் 7.6%, மாணவர்களில் 28.3%. மாணவர்களின் ஒழுங்கற்ற தூக்கம் இதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். ரெம் வழக்கமாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வரும். இரவெல்லாம் விழித்தாலோ தூக்கத்தைத் துண்டுதுண்டாக உடைத்தாலோ, படுத்தவுடனேயே வந்துவிடக்கூடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992-இல் இதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினார்கள். அடிக்கடி அமுக்கப்படும் 16 பேரை நடுராத்திரியில் எழுப்பி, ஒரு மணி நேரம் விழித்திருக்க வைத்து, மறுபடி தூங்கவிட்டார்கள். 64 முறை இப்படிக் கலைத்ததில் 6 முறை முடக்கம் வந்தது.

உடல் இப்படி எல்லோருக்கும் பொதுவாக இருக்க, ஊருக்கு ஊர் மாறுவது எது? ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுடாவின் குழுவினர் 1998-இல் ஜப்பானிய, கனடிய மாணவர்களை ஒப்பிட்டபோது இரு பக்கமும் சுமார் 40% பேர் இதை அனுபவித்திருந்தார்கள். ஆனால் கனடியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதை ஒருவகைக் கனவு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஜப்பானியர்களில் அப்படிச் சொன்னவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. கேள்வித்தாளும் இதில் விளையாடுகிறது. ஜப்பானிய மாணவர்களிடமே 'தற்காலிக வாதம்' என்று கேட்டால் 26% பேரும், 'கனாஷிபாரி' என்று கேட்டால் 39% பேரும் ஆம் என்றதை ஃபுகுடா 1993-இல் காட்டினார். ஆகவே ஒரு நாட்டில் 20%, இன்னொன்றில் 40% என்று செய்தி வந்தால், எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்று முதலில் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை அனுபவத்தின் கடுமையையும் கூட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் பாலாண்ட் ஜலால், டெவன் ஹின்டன் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் தெரிகிறது. டென்மார்க்கில் 25% பேருக்கும் எகிப்தில் 44% பேருக்கும் இது வந்திருந்தது. எகிப்தியர்களுக்கு முடக்கம் அதிக நேரம் நீடித்தது, செத்துவிடுவோமோ என்ற பயமும் கூடுதல். அங்கே பலர் இதை ஜின்னின் வேலை என்று நம்புகிறார்கள். இதற்கு ஜலாலும் ஹின்டனும் தரும் விளக்கம் ஒரு சுழற்சி: பேய் வரும் என்ற பயத்தோடு படுத்தால் தூக்கம் லேசாகிறது, அடிக்கடி கலைகிறது, முடக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது, வந்ததும் நம்பிக்கை உறுதிப்படுகிறது. எனக்கு இது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. ஆனால் இருவேறு நாட்டுத் தூக்கப் பழக்கங்களின் பங்கையும் இதிலிருந்து முழுதாகப் பிரித்துவிட முடியாது.

தலையணைக்கு அடியில் இரும்பு வைத்துப் படுப்பவர்கள் நம்மிடம் உண்டு; அப்ருட்சோவில் கதவருகே துடைப்பம், படுக்கையருகே மணல். பயத்தைக் குறைக்கும் அளவுக்கு இவை உதவலாம். தூக்க முறையை இவை சரிசெய்யாது. ஒருக்களித்துப் படுப்பதும், தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுவதும், இரவு கண்விழித்த மறுநாள் நீண்ட பகல் தூக்கத்தைத் தவிர்ப்பதும் அதைவிடப் பயன் தரும். முடக்கம் வந்துவிட்டால் திமிறி எழ முயல்வது பயத்தைத்தான் பெருக்கும். விரல் நுனியை அசைக்கப் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். ஜலால் 2016-இல் முன்வைத்த முறை அதையும் வேண்டாம் என்கிறது. இது ஆபத்தில்லாதது, தானாக விலகும் என்று நினைத்துக்கொண்டு, மூச்சைக் கட்டுப்படுத்தாமல், மனதுக்குப் பிடித்த ஒன்றில் கவனத்தை நிறுத்தித் தசைகளைத் தளர்த்துவதுதான் அந்த முறை.

எப்போதாவது வந்துபோனால் சிகிச்சை தேவையில்லை. பகலில் அடக்க முடியாத தூக்கம், சிரிக்கும்போது முழங்கால் மடங்குவது அல்லது கையிலிருப்பது நழுவுவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் அது நார்கோலெப்சி என்னும் தூக்க நோயாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, இரவுத் தூக்கப் பரிசோதனையும் மறுநாள் பகலில் குட்டித் தூக்கங்களை அளக்கும் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.